அந்திம காலமும் அயலூர் ஆஸ்பத்திரியும்

கனடா தேசத்தில் சுப்பீரியர் ஏரியைச் சூழ்ந்த பிரதேசங்களில் வாழும் அனிஷினாபே என்னும் ஆதிகுடி மக்களிடையே ஒருவர் காலமானால், நெருப்பு மூட்டி, அதை நான்கு நாள் இரவு பகலாக அணையாமல் காத்து, துக்கத்துக்கு வருகிறவர்கள் ஒரு சிட்டிகை புகையிலையை அதில் இட்டுப் பிரார்த்திப்பது புராதன சம்பிரதாயம். ஆத்மா மேற்றிசை நோக்கிச் செய்யும் பிரயாணத்துக்கு நான்கு நாள் பிடிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நோயாளியின் கட்டிலருகே உற்றாரும் முதியோரும் முறை வைத்து விழித்திருப்பதும், காட்டரிசியோ ஏரி மீனோ மூஸ் மானின் இறைச்சியோ அவர் ஆசைப்பட்டதை ஆக்கிக் கொடுப்பதும், மரணத்துக்கு முன்பே தொடங்கிவிடும் கடமைகள்.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது க்ஷயரோகம் என்றால் அது பாதி உண்மையே. மறு பாதி, அந்நோயை அரசாங்கம் எதிர்கொண்ட விதம். நோய் வெள்ளையருக்கும் பரவிவிடுமோ என்ற அச்சமும் கருணையும் கலந்த ஒரு மனோபாவத்தில், ஆதிகுடியினருக்கென்று தனி ஆஸ்பத்திரிகள், 1941-இல் ஃபோர்ட் வில்லியத்திலும், 1946-இல் எட்மன்டனிலும், 1949-இல் சூ லுக்கவுட்டிலுமாக எழுந்தன. 1950 முதல் ஆர்க்டிக் கரையோரம் சென்ற 'சி. டி. ஹௌ' என்ற கப்பலில் இன்யூட் மக்களுக்கு எக்ஸ்-ரே எடுத்து, நோய் கண்டவர்களைக் கரையிறங்கி விடைபெறவும் விடாமல் தெற்கே கொண்டுபோனதுண்டு. 1956-இல் அம்மக்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் தெற்கத்திய சானடோரியங்களில் இருந்தார். பிழைத்தவர் பலர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இறந்தவர்களில் பலர் எங்கே அடக்கமாயினர் என்பதுகூட அவர்தம் வீட்டாருக்குத் தெரிவிக்கப்படவில்லை; இதற்காகப் பிரதமர் ட்ரூடோ இக்காலுயிட் நகரில் மன்னிப்புக் கோரியது 2019 மார்ச்சில்தான்.

விசித்திரம் என்னவென்றால், தீராத நோயில் வேதனையைத் தணித்து அந்திம காலத்தைக் கௌரவமாகக் கழிக்கச் செய்யும் நோய்தணிப்புச் சிகிச்சைக்கு இன்று உலகம் வழங்கும் பெயரைத் தந்தவரே கனடாக்காரரான டாக்டர் பால்ஃபர் மவுன்ட். அவருடைய பிரிவு 1975-இல் மான்ட்ரீல் ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரியில் தொடங்கியது. அந்தச் சிகிச்சை ஆதிகுடிக் கிராமங்களை எட்டப் பல்லாண்டுகள் சென்றதற்குத் தூரம் மட்டும் காரணமன்று. 1867-இன் அரசியல் சட்டம் ஆதிகுடியினரை மத்திய அரசிடமும், ஆஸ்பத்திரிகளை மாகாணங்களிடமும் ஒப்படைத்திருந்தபடியால், கிராமத்து நோயாளிக்கு ஆகும் செலவு யாருடையது என்ற வழக்கு ஓயவேயில்லை. 1999-இல் மத்திய அரசு ஏற்படுத்திய வீட்டுப் பராமரிப்புத் திட்டத்திலும் அந்திமப் பராமரிப்புக்கு முதலிடம் கிடைக்கவில்லை. நர்ஸ் வருவதும் பெரும்பாலும் வார நாட்களில், பகல் வேளையில். நோயின் வலிக்கு இந்தக் கால அட்டவணை தெரியாதாகையால், இரவில் தவிப்பு மிகுந்தவரை நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வதைத் தவிர வீட்டாருக்கு வேறு கதியில்லை.

2010 முதல் 2015 வரை, தண்டர் பே நகரத்து லேக்ஹெட் சர்வகலாசாலையைச் சேர்ந்த மேரி லூ கெல்லி தலைமையில் நான்கு ஆதிகுடிச் சமூகங்களில் நடந்த அந்திமப் பராமரிப்பு முயற்சி என் மனத்தைக் கவர்ந்ததற்குக் காரணம் அதன் அடக்கம். ஃபோர்ட் வில்லியம், நவோட்கமெக்வானிங், கிராண்ட் நதிக்கரையின் ஆறு தேசத்தார், மானிடோபாவின் பெகுயிஸ் ஆகிய அந்நான்கிலும், பெரியவர்களும் சுகாதார ஊழியர்களும் கூடி யோசித்துத் தத்தம் ஊருக்கேற்ற முறையை வகுக்க, சர்வகலாசாலை உடனிருந்து துணை செய்தது. நவோட்கமெக்வானிங் மக்கள் தங்கள் திட்டத்துக்குத் தங்கள் மொழியிலேயே பெயரிட்டு, வழக்கமான நேரத்துக்கு அப்பாலும் நர்ஸும் உதவியாளரும் வீடு தேடி வருவதற்கு வழி செய்தனர். இரவு விழித்திருக்க உறவினருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. வலியைத் தணிக்கும் மருந்தும், அதைக் கொடுக்கத் தெரிந்த கையும், அவசரத்தில் கூப்பிட்டால் பதில் சொல்ல ஒரு டாக்டருமே அவர்களுக்குக் குறைவாயிருந்தன.

2017-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஆதிகுடியினருக்கும் இன்யூட் மக்களுக்கும் வீட்டுப் பராமரிப்புக்கும் நோய்தணிப்புக்குமாக ஐந்து ஆண்டுகளுக்கு 18 கோடியே 46 லட்சம் டாலரை மத்திய அரசு ஒதுக்கியது. இரவு நேர நர்ஸின் சம்பளத்தைப் பற்றிய தகராறு அதனால் ஓரளவு தணிந்திருக்கலாம்; 1867-இல் வகுத்த அதிகாரப் பிரிவினையில் மட்டும் மாறுதல் எதுவும் இல்லை.