பேரிகைக்கு வந்த குறுந்தகடு



2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் மென்பொருள் குறுந்தகட்டைச் சென்னையில் வெளியிட்டு இலவசமாகக் கொடுத்தது. எழுத்துருக்கள், விசைப்பலகை, தமிழ் பயர்பாக்ஸ் உலவி எல்லாம் அதில் இருந்தன.

அன்று தமிழ்த் தளங்கள் பலவும் ஆளுக்கொரு எழுத்துரு கேட்கும். அது இல்லாவிட்டால் திரையில் புரியாத குறிகள்தான். நம் பேரிகையின் தொலைபேசி இணைப்பில் இறக்கினால் பாதியில் அறுந்துவிடும். தகடு இருந்தால் இணைப்பே வேண்டாம்.

வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் நீங்கள், உங்கள் பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறதா? உங்களில் ஒருத்தி பாட்டியின் உதவித்தொகை மனுவையே அடித்தாள். ஓசூர் போய்த் தட்டச்சருக்குக் காசு கொடுக்கவில்லை.

பிறகு யூனிகோடு பரவியது. 2010-இல் தமிழக அரசும் ஏற்றது. எழுத்துரு தேடும் வேலை போயிற்று.

அந்தத் தகடு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. போட்டுப் பார்க்கத்தான் புதுக் கணினியில் இடமில்லை.