வான்வழிகளும் நாடுகளும்

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அப்பாஸிய ஆட்சியின் அஞ்சல் துறையில் பொறுப்பு வகித்தவர் இப்னு குர்தாத்பிஹ். அவர் இயற்றிய ‘கிதாபுல் மஸாலிக் வல் மமாலிக்’ என்னும் நூற்பெயருக்கு ‘வழிகளும் நாடுகளும்’ என்பது பொருள். ஊருக்கு ஊர் உள்ள தொலைவையும் இடையே தங்குமிடங்களையும் அந்நூல் நிரல்படக் கூறுகிறது. வழிகளையும் அரசுகளையும் அவர் ஒரே தலைப்பில் இணைத்தது மிகப் பொருத்தம். ஏனெனில் வழியைத் தீர்மானிப்பது நிலத்தின் அமைப்பு மட்டுமன்று. அதனை ஆள்வோரின் இசைவுமாகும். மனிதன் வானில் வழி வகுத்த பின்னரும் இந்நிலை மாறவில்லை. வளைகுடாவின் இரு கரைகளுக்கிடையே விமானப் பாதைகள் இடம்பெயர்ந்த வரலாறே இதற்குச் சான்று.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என 1919-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம் வகுத்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 1929 மார்ச் 30-இல், பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் லண்டன்–கராச்சி சேவையைத் தொடங்கியது. அதன் பாதை பக்தாத், பஸரா வழியாக வந்து, புஷஹ்ர், லிங்கா, ஜாஸ்க் எனப் பாரசீகக் கரையை ஒட்டிச் சென்றது. அக்கால விமானங்கள் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி எரிபொருள் நிரப்பியாக வேண்டும். ஆகவே இறங்கும் ஊர்கள் இன்றிப் பாதையே இல்லை.

பாரசீக அரசு இக்கரைவழிக்கு அளித்தது தற்காலிக இசைவே. விமானங்கள் நாட்டின் உட்பகுதி வழியே செல்ல வேண்டும் என அது விரும்பியது. மலைகள் நிறைந்த அவ்வழியை நிறுவனம் ஏற்கவில்லை. 1932-இல் இசைவு முடிவுற்றபோது பாதை முழுவதும் எதிர்க்கரைக்கு மாறியது. அவ்வாண்டு ஜூலையில் ஷார்ஜா ஆட்சியாளர் ஷைகு சுல்தான் பின் ஸகருடன் உடன்பாடு ஏற்பட்டது. இறங்குதளத்துக்கு வாடகையும், பயணியர் விடுதிக்குக் காவலும் அதில் அடங்கும். அக்டோபர் 5-ஆம் நாள் ஹேண்ட்லி பேஜ் 42 வகை விமானம் அங்கு இறங்கியது. முத்துக்குளிப்புத் தொழில் நலிந்திருந்த அக்காலத்தில், ஒரு சிறு துறைமுக நகர் உலக வான்வரைபடத்தில் இடம்பெற்றது.

இம்மாற்றத்தின் தொடர்ச்சி நம் மாநிலத் தலைநகரையும் எட்டியது. பத்தே நாள்களுக்குப் பின், அக்டோபர் 15-இல், கராச்சிக்கு வந்த அஞ்சலை ஏற்றுக்கொண்டு ஜே. ஆர். டி. டாட்டா பம்பாய்க்கு விமானம் ஓட்டினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். சென்னைக்கு வந்த வெளிநாட்டு அஞ்சலின் வழித்தடத்தில் ஷார்ஜாவின் மணல்வெளியும் ஓர் அங்கமாயிற்று.

ஆயினும் இடையில் தங்குமிடம் என்னும் சிறப்பு நிலையானதன்று. விமானங்களின் ஆற்றல் பெருகப் பெருக, நடுவழி ஊர்கள் தேவையற்றவையாயின. 1960-இல் துபாய் தனக்கென விமான நிலையம் அமைத்தது. ஷார்ஜாவின் பழைய தளம் 1977-இல் ஓய்வுபெற்றது. அதன் ஓடுபாதை இன்று மன்னர் அப்துல் அஜீஸ் பெயர் தாங்கிய தெரு. விடுதி ‘அல் மஹத்தா’ அருங்காட்சியகம். ‘மஹத்தா’ என்னும் அரபுச் சொல் சுமை இறக்கித் தங்கும் இடத்தைக் குறிக்கும்.

தங்குமிடமாக மட்டும் இருப்பதில் உள்ள இடரைத் துபாய் உணர்ந்துகொண்டது. 1974-இல் பஹ்ரைன், கத்தார், அபூதபி, ஓமன் ஆகியவற்றின் கூட்டுடைமையான கல்ஃப் ஏர், 1980-களின் நடுவில் துபாய்க்கான சேவைகளைக் குறைத்தது. துபாய் தன் சொந்த நிறுவனமாகிய எமிரேட்ஸைத் தொடங்கியது. 1985 அக்டோபர் 25-இல், பாகிஸ்தான் விமான நிறுவனத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்ற விமானங்களுடன், அதன் முதற்பயணம் கராச்சிக்கே அமைந்தது. 1932-இல் பிறர் வகுத்த பாதையில் இடைநிலையாயிருந்த கரை, இப்போது பாதையின் தொடக்கமாயிற்று. பின்னர் கத்தாரும் அபூதபியும் தத்தம் நிறுவனங்களைத் தொடங்கின. ஓமனும் விலகிய பின், 2007 முதல் கல்ஃப் ஏர் பஹ்ரைனுக்கு மட்டும் உரியதாயிற்று.

2017 ஜூனில் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகியவை கத்தார் விமானங்களுக்குத் தம் வான்வெளியை மூடின. ஐரோப்பா செல்லும் விமானங்களும் ஈரான் வழியே சுற்றிச் செல்ல நேர்ந்தது. 2021 ஜனவரியில் ஏற்பட்ட அல் உலா உடன்பாட்டுக்குப் பின்னரே பழைய வழிகள் திறந்தன. 1932-இல் பாரசீகக் கரை மறுத்ததால் அரபுக் கரைக்கு வந்த பாதை, 85 ஆண்டுகளுக்குப் பின் அரபு நாடுகள் மறுத்ததால் ஈரானின் வானத்தை நாடியது.

வளைகுடாவில் பிழைப்புத் தேடும் நம்மவர் பல்லாயிரவர். விமான நிறுவன வரைபடத்தின் வளைகோடுகள் அவர்களுக்கு என்றும் உள்ள சாலைகள் போலத் தோன்றலாம். ஆனால் அவை ஒவ்வொன்றும் அண்டை நாட்டின் இசைவில் நிற்பவை. அண்டை நாடுகளின் நட்பு முறியும்போது வழிகளும் முறிகின்றன என்பதை வான்வழிகளின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.