கார் காப்புறுதி பாதி விலைக்கு வருகிறதா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

போன வருடம் 700 வெள்ளி கட்டிய மைவிக்கு இந்த வருடம் 350 வெள்ளி போதும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு விலை வருகிறது. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் கார் இல்லாமல் வேலைக்கும் போக முடியாது, ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது. 350 வெள்ளி மிச்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

விலை வித்தியாசம் இருப்பதே தவறு என்று சொல்ல முடியாது. முழுக் காப்புறுதிக்கு 2017 ஜூலை 1 முதல் ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கின்படி விலை வைக்கிறது. இணையத்தில் நேரடியாக வாங்கினால் 10 விழுக்காடு கழிவும் கிடைப்பதுண்டு. ஆனால் பாதிக்குப் பாதி குறைந்தால் காரணம் கேட்டே ஆக வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் என்.சி.டி. கழிவில்தான். தனியார் காருக்கு அது 25 விழுக்காட்டில் தொடங்கி 55 வரை ஏறும். இழப்பீடு கோரினால் சுழியத்துக்கு இறங்கிவிடும். அடிப்படைச் சந்தா 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு கழிந்தால் 450. அதோடு 8 விழுக்காடு சேவை வரி, 10 வெள்ளி முத்திரை வரி சேர்த்து 496 வெள்ளி. கழிவே இல்லையென்றால் 1,090. ஒரே எண்ணை மாற்றிப் போட்டால் இவ்வளவு வித்தியாசம். அப்பா காரை மகன் பெயருக்கு மாற்றும்போது இந்தத் தவறு சுலபமாக நேரும். கழிவு உரிமையாளருக்குரியது, காரோடு கூட வராது. உங்கள் கழிவு எத்தனை விழுக்காடு என்பதை மைகார்இன்ஃபோ அகப்பக்கத்தில் நீங்களே பார்க்கலாம்.

அடுத்து காப்புத் தொகை. சந்தையில் 30,000 வெள்ளி பெறும் காரை 20,000 என்று எழுதினால் சந்தா குறையும். விபத்தில் 9,000 வெள்ளி சேதம் என்றால் கையில் வருவது 6,000தான். மிச்சம் உங்கள் பாடு. மூன்றாம் தரப்புக் காப்புறுதியை முழுக் காப்புறுதி போலப் பேசி விற்பதும் நடக்கிறது. அதில் உங்கள் காருக்கு ஒரு காசும் கிடையாது. வெள்ளத்துக்கும் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்தால்தான் உண்டு. 2021 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சிலாங்கூர்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விலை தவறு என்று தெரிந்தும் "அவன் தப்பு, நமக்கு லாபம்" என்று இருந்துவிடாதீர்கள். 2013 நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைப்படி, நிறுவனம் கேட்ட கேள்விக்கு நீங்கள் கவனக்குறைவாகத் தவறான பதில் தந்திருந்தால், கட்டிய சந்தாவின் விகிதத்துக்கு இழப்பீட்டைக் குறைக்கலாம். வேண்டுமென்றே பொய் சொல்லியிருந்தால் காப்புறுதியே செல்லாது. தவறு முகவருடையதா, உங்களுடையதா என்று விபத்துக்குப் பிறகு வழக்காடுவதைவிட, இப்போதே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதித் திருத்தி, பதிலைப் பத்திரப்படுத்துவது நல்லது.

முகவர் தெரிந்தவராகவே இருக்கட்டும், தோட்டத்தில் கூடப் பிறந்து வளர்ந்தவராகவே இருக்கட்டும். தனிப்பட்டவர் வங்கிக் கணக்கில் பணம் போடாதீர்கள். நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கில்தான் கட்ட வேண்டும். கைப்பேசிக்கு வந்த பத்திரத்தின் படத்தை மட்டும் நம்பாமல், நிறுவனத்தின் அகப்பக்கத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து, கார் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். முகவர் அனுப்பிய எண்ணுக்கு வேண்டாம். உண்மையான காப்புறுதி என்றால் விவரம் ஜேபிஜேக்கு மின்னியல் முறையில் போயிருக்கும். அது போகாமல் ரோட் டேக்ஸ் புதுப்பிக்க முடியாது. போலிப் பத்திரத்தோடு ஓட்டினாலும் சட்டத்தின் முன் காப்புறுதி இல்லாத கார்தான். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி 1,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பணம் போட்ட பிறகு மோசடி என்று தெரிந்தால் தாமதிக்காமல் 997க்கு அழையுங்கள். காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். நிறுவனத்தோடுதான் தகராறு என்றால் முதலில் அங்கேயே எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்ய வேண்டும். அவர்களின் இறுதி முடிவில் திருப்தி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவையிடம் கொண்டுபோகலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் அந்த அமைப்பு புகார்தாரரிடம் கட்டணம் வாங்குவதில்லை.