அழிக்கப்பட்ட கோப்புகளை மீட்டல்

அழிக்கப்பட்ட கோப்புகளை மீட்டல் என்பது, கணினியின் வன்தட்டிலிருந்து தவறுதலாக நீக்கப்பட்ட கோப்புகளைத் திரும்பப் பெறும் செயல்முறை ஆகும். இது தரவு மீட்பின் ஒரு பிரிவாகும். ஒரு கோப்பு நீக்கப்படும்பொழுது இயங்குதளம் பொதுவாக அதன் உள்ளடக்கத்தை அழிப்பதில்லை. அக்கோப்பு இருந்த இடத்தை வெற்றிடம் என்று குறித்துக்கொள்கிறது. அவ்விடத்தில் வேறு தரவு எழுதப்படும் வரை பழைய உள்ளடக்கம் தட்டிலேயே இருக்கும். எனவே மீட்பின் வெற்றி, பயன்படுத்தும் மென்பொருளைக் காட்டிலும், நீக்கத்திற்குப் பின் அத்தட்டில் என்ன எழுதப்பட்டது என்பதையே பெரிதும் பொறுத்தது.

நீக்கும்பொழுது நடப்பது

விண்டோஸ் 95 (1995) முதல், விண்டோசில் நீக்கப்படும் கோப்பு முதலில் மீள்சுழற்சித் தொட்டிக்குச் செல்கிறது. சிஃப்ட் விசையை அழுத்தி நீக்கினாலோ, வலையமைப்பு வழியாக வேறொரு கணினியின் கோப்பை நீக்கினாலோ அது பொதுவாகத் தொட்டியில் சேர்வதில்லை.

அதன் பின் நடப்பது கோப்பு முறைமைக்கு ஏற்ப வேறுபடும்:

* ஃபேட்: கோப்புப் பெயரின் முதல் பைட்டு 229 என்னும் எண்ணாக மாற்றப்படும். கோப்பின் துண்டுகளை இணைக்கும் சங்கிலி அழியும். தொடக்க இடம் மட்டும் எஞ்சும்.
* என்டிஎஃப்எஸ்: கோப்பின் பதிவு "பயன்பாட்டில் இல்லை" எனக் குறிக்கப்படும். துண்டுகள் இருந்த இடங்களின் பட்டியல், அப்பதிவு மறுபடி பயன்படுத்தப்படும் வரை எஞ்சியிருக்கும். எனவே இதில் மீட்பு எளிது.

பதிவும் அழிந்துவிட்டால் கோப்பின் அமைப்பைக் கொண்டு தேடலாம். சான்றாக, ஜேபெக் படங்கள் 255, 216, 255 ஆகிய பைட்டுகளுடன் தொடங்கும். இம்முறையில் கிடைக்கும் கோப்புகளுக்குப் பழைய பெயர் இராது. பல துண்டுகளாகச் சிதறிய பெரிய கோப்புகள் பெரும்பாலும் முழுமையாகக் கிடைப்பதில்லை.

சிவகாசி அச்சுத்தொழிலில்

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி பட்டாசு, தீப்பெட்டி ஆகியவற்றுடன் அச்சுத்தொழிலுக்கும் பெயர் பெற்றது. பட்டாசுப் பெட்டிகளின் மேலுறைகள், தீப்பெட்டி வில்லைகள், நாட்காட்டிகள், நாட்குறிப்பேடுகள் முதலியன இங்கு அச்சாகின்றன. புத்தாண்டு நாட்காட்டிகளின் மாதிரித் தொகுப்புகள் ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியிடப்படுவது வழக்கம். வடிவமைப்புக் கோப்புகள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி மட்டும் மாற்றப்பட்டு மறுபடியும் பயன்படுபவை. ஆகையால் ஒரு கோப்புறையின் இழப்பு பல ஆண்டு உழைப்பின் இழப்பாகிவிடலாம்.

இத்தகைய கோப்புகள் அளவில் பெரியவை. அடிக்கடி திருத்திச் சேமிக்கப்படுவதால் துண்டுகளாகச் சிதறவும் வாய்ப்புண்டு. பழைய தமிழ்க் கோப்புகளில் வேறொரு சிக்கலும் உண்டு. 1999 இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. 2010 இல் ஒருங்குறியை ஏற்றது. பாமினி போன்ற பிற எழுத்துருக்களும் வழக்கில் இருந்தன. பழைய குறியாக்கத்தில் அமைந்த சொல்லை ஒருங்குறியில் தேடினால் கிடைக்காது. மீட்ட கோப்பு பொருளற்ற எழுத்துகளாகத் தோன்றினால், அது பழுதானது என்று முடிவு செய்யுமுன் உரிய எழுத்துருவை நிறுவிப் பார்த்தல் வேண்டும்.

மீட்கும் முறை

1. அத்தட்டில் எதையும் சேமிப்பதை உடனே நிறுத்துக. இணைய உலாவலும் தட்டில் எழுதும்.
2. மீள்சுழற்சித் தொட்டி, காப்புநகல், மின்னஞ்சலில் அனுப்பிய படி ஆகியவற்றைப் பார்க்க.
3. தட்டைக் கழற்றி வேறு கணினியில் இரண்டாம் தட்டாக இணைத்து, அதன் முழுப் படியை எடுக்க.
4. அப்படியின் மீது டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற கட்டற்ற மென்பொருள்களை இயக்குக.
5. மீட்ட கோப்புகளை வேறொரு தட்டில் சேமிக்க. அதே தட்டில் சேமித்தால், இன்னும் மீட்கப்படாதவற்றின் மீது அவை எழுதப்படலாம்.

வரம்புகள்

மேலெழுதப்பட்ட தரவை மென்பொருளால் மீட்க இயலாது. திண்மநிலை வட்டுகளில் டிரிம் என்னும் கட்டளை, நீக்கப்பட்ட இடங்களை வட்டுக்கு அறிவிக்கிறது. வட்டு அவற்றைத் தானே துடைத்துவிடும். விண்டோஸ் 7 (2009) முதல் இவ்வசதி உள்ளது. இவ்வகை வட்டுகளில் மேற்கூறிய முறைகள் பெரும்பாலும் பயன் தருவதில்லை. வன்தட்டு "டக் டக்" என ஒலித்தால் அது இயந்திரக் கோளாறாக இருக்கலாம். மேலும் இயக்கினால் தட்டின் பரப்பு சேதமடையும். அந்நிலையில் மின்னிணைப்பைத் துண்டித்து வல்லுநரிடம் ஒப்படைப்பதே முறை.

மீட்பு எப்பொழுதும் உறுதியானதன்று. முக்கியமான கோப்புகளுக்குக் குறைந்தது இரண்டு காப்புநகல்கள் வைத்து, அவற்றுள் ஒன்றை வேறு இடத்தில் பாதுகாத்தல் நன்று.