கோசாம்பி, டி. டி. (1907–1966)

கோவாவில் பிறந்து ஹார்வர்டில் படித்த கணித அறிஞர். ஒரு துறைக்குள் அடங்காதவர். குரோமோசோமில் மரபணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவைக் கணிக்க இவர் தந்த சூத்திரம் இன்றும் வழக்கில் உள்ளது. பர்த்ருஹரியின் வடமொழிப் பாடல்களைச் சுவடிகளோடு ஒப்பிட்டு 1948-இல் பதிப்பித்தார். இவற்றினும் சுவையானது இவரது நாணய ஆய்வு. கைமாறக் கைமாறக் காசு தேயும், எடை குறையும். தட்சசீலத்தில் கிடைத்த முத்திரை குத்திய வெள்ளிக் காசுகளின் எடையிழப்பைப் புள்ளியியலால் அளந்து, எவை முந்தியவை, எவை பிந்தியவை என வரிசைப்படுத்தினார். தம் காலத்துச் சில்லறையையும் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் இந்த முறையை நம்பினார். இந்திய வரலாற்றை மார்க்சிய நோக்கில் அணுகிய இவரது நூல் 1956-இல் வெளிவந்தது. அப்போது மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கணிதப் பேராசிரியர். எல்லாமே பலித்துவிடவில்லை: ரீமான் கருதுகோளுக்கு இவர் தந்த நிறுவலைக் கணிதவியலாளர்கள் ஏற்கவில்லை.