காற்றாடிக் கோபுரத்தில் ஏறிய மின்சாரம்

மெக்ஸிகோவின் குவானஹுவாட்டோ வெள்ளிச் சுரங்கத்தால் பிழைத்த மலைநகரம். 1900களின் தொடக்கத்தில் மலைக்குள் தாதுவுக்குக் குறைவில்லை. அதை அரைக்கவும் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கவும் வேண்டிய சக்திதான் போதவில்லை. அந்தச் சக்தி 162 கிலோமீட்டர் தள்ளி, சமோரா ஊரருகே துவேரோ ஆற்றில் அருவியாக விழுந்துகொண்டிருந்தது. அதை மின்சாரமாக்கி, 60,000 வோல்ட்டில் மலையும் மேடும் தாண்டிக் கொண்டுவர 1903-ல் ஒரு கம்பெனி துணிந்தது. முழுக்க எஃகுக் கோபுரங்கள்மீதே இழுக்கப்பட்ட முதல் நெடுந்தொலைவு மின்பாதை என்று மின்பொறியியல் வரலாறு இதைத்தான் குறிப்பிடுகிறது.

அந்தக் கோபுரங்களை யாரும் மின்சாரத்துக்கென்று வரையவில்லை. அவை சிகாகோவின் ஏர்மோட்டார் கம்பெனியிலிருந்து வந்தவை. ஏர்மோட்டார் விற்றது காற்றாடிகள், அதாவது பண்ணைக் கிணற்றிலிருந்து காற்றின் வேகத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள். தாமஸ் பெர்ரி என்ற பொறியாளர் 1880களின் தொடக்கத்தில் காற்றாடிச் சக்கரங்களை வைத்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் செய்து, மரத் தகடுகளை விட வளைந்த இரும்புத் தகடுகளே மேல் என்று கண்டார். அந்த வடிவத்தை வைத்து லாவெர்ன் நோயஸ் 1888-ல் ஏர்மோட்டாரைத் தொடங்கினார். சக்கரத்தை மரத்துக்கும் கூரைக்கும் மேலே தூக்கிப் பிடிக்க நாலு கால் வேண்டும். அதற்காகத் துத்தநாகம் பூசிய எஃகு ஆங்கிள்களை போல்ட் போட்டுக் கோத்த கோபுரங்களையும் அந்தக் கம்பெனியே செய்து விற்றது. துண்டுதுண்டாக அனுப்பலாம், போன இடத்தில் பூட்டிக்கொள்ளலாம், கரையானுக்கும் மழைக்கும் பயமில்லை.

குவானஹுவாட்டோக்காரர்கள் அந்தக் கோபுரத்தின் தலையிலிருந்து சக்கரத்தைக் கழற்றிவிட்டு மின்கம்பியை ஏற்றினார்கள். கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டார்கள் என்று இதைச் சொல்லிவிட முடியாது. காற்றாடிக் கோபுரத்துக்கு மேலிருந்து அழுத்தும் எடை பெரிய விஷயமே இல்லை. சக்கரத்தைக் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது கவிழாமல் நிற்பதுதான் அதன் வேலை. மின்கம்பியைச் சுமக்கும் கோபுரத்துக்கும் வேலை அதுவே. அதனால்தான் கால்களை அகட்டி வைத்து, உச்சியில் ஒடுங்கி, நடுவில் குறுக்குச் சட்டம் பின்னிய அந்த உருவம் புது வேலைக்கு அப்படியே பொருந்தியது.

அதுவரை உலகம் மரக் கம்பத்தைத்தான் நம்பியிருந்தது. 1891-ல் ஜெர்மனியில் லாஃபனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் தூரம் மூன்று ஃபேஸ் மின்சாரத்தை அனுப்பிக் காட்டினார்கள். மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுபோக முடியும் என்று உலகத்தை நம்பவைத்தது அந்தப் பாதைதான். அதற்கு நட்ட மரக் கம்பங்கள் சுமார் 3000. ஏறக்குறைய 60 மீட்டருக்கு ஒன்று. ஒவ்வொரு கம்பத்திலும் மூன்று பீங்கான் இன்சுலேட்டர்கள்.

சிக்கல் அந்தப் பீங்கானில்தான் இருந்தது. வோல்ட்டேஜ் ஏற ஏற லைன் செத்துப்போவது பெரும்பாலும் இன்சுலேட்டரால்தான். ஈரம் படியும், கீறல் விழும், மின்சாரம் கம்பத்தில் இறங்கிவிடும். மரமாக இருந்தால் எரியவும் செய்யும். இன்சுலேட்டரின் எண்ணிக்கை குறைந்தால் பழுதும் குறையும். எண்ணிக்கை குறைய வேண்டுமென்றால் கம்பங்களுக்கு இடையே தூரம் கூட வேண்டும். தூரம் கூடினால் கம்பி அதிகம் தொய்யும். தொய்ந்தாலும் தரையைத் தொடாமலிருக்க உயரம் வேண்டும். அந்த உயரத்துக்கும் வலுவுக்கும் மரம் ஈடுகொடுக்காது. குவானஹுவாட்டோவில் கோபுரங்கள் ஏறக்குறைய 130 மீட்டருக்கு ஒன்றாக நின்றன. எஃகுக் கோபுரத்தைப் பிறக்க வைத்தது பீங்கானின் பலவீனம் என்பேன்.

நம் பக்கத்திலும் அதே காலத்தில் ஒரு சுரங்கம் மின்சாரத்தை இழுத்தது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு 92 மைல் தூரம் மின்பாதை போட்டார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் தங்கத்துக்காக மண்ணுக்கடியில் இறங்கிய அந்தச் சுரங்கங்களுக்குக் காவிரி மின்சாரமாகப் போய்ச் சேர்ந்தது. மெக்ஸிகோவில் வெள்ளி, இங்கே தங்கம். விளக்கு எரிக்க இத்தனை தூரம் கம்பி இழுக்க அன்று யாரும் பணம் போட்டிருக்க மாட்டார்கள்.

பிறந்த உருவத்துக்குக் கை முளைத்தது அடுத்த சில ஆண்டுகளில். அதுவரை இன்சுலேட்டர் ஒரு முளைமேல் கவிழ்த்து வைத்த பீங்கான் மணி. கம்பி அதன் தலையில் உட்கார்ந்திருக்கும். 60,000 வோல்ட்டைத் தாண்டினால் அந்த மணி தூக்க முடியாத அளவுக்குப் பெருத்துவிடும், விலையும் ஏறிவிடும். 1907 வாக்கில் அமெரிக்கப் பொறியாளர்கள் எட்வர்ட் ஹியூலெட்டும் ஹெரால்ட் பக்கும் இதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். பீங்கான் டிஸ்க்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துத் தொங்கவிட்டு, அடியில் கம்பியை மாட்டினார்கள். வோல்ட்டேஜ் கூடினால் இன்னும் நாலு டிஸ்க் கோத்தால் போதும். மிச்சிகனில் அடுத்த ஆண்டே ஒரு லட்சம் வோல்ட்டைத் தாண்டிய பாதை ஓடத் தொடங்கிவிட்டது.

தொங்குகிற சரம் காற்றில் ஆடும். ஆடினாலும் கம்பி கோபுரத்தின் உடம்பை நெருங்கக் கூடாது. அதற்காகக் கைகள் வெளியே நீண்டன. அவற்றை இன்று லைன்காரர்கள் கிராஸ் ஆர்ம் என்கிறார்கள். சரத்தின் நீளம் அளவுக்குக் கோபுரம் உயர்ந்தது. இடி நேராகக் கம்பியில் விழாமல் தடுக்க எல்லாவற்றுக்கும் மேலே ஒரு எர்த் கம்பி வேண்டியிருந்தது. அதைப் பிடிக்க உச்சியில் கூர்மை வந்தது. இன்று வயலுக்கு நடுவே நாம் பார்க்கும் டவரின் கால் காற்றாடியிடமிருந்தும், கை பீங்கானிடமிருந்தும், தலை இடியிடமிருந்தும் வந்தவை. இதை ஒரே மனிதர் உட்கார்ந்து வரைந்ததாக எந்த ஊர் வரலாறும் சொல்வதில்லை.

டிஸ்க்குகளை எண்ணியே லைனின் வோல்ட்டேஜைச் சொல்லிவிடலாம். நேராகத் தொங்கும் சரத்தில் ஏழெட்டு டிஸ்க் இருந்தால் 110 கே.வி. (கிலோவோல்ட்); பதினான்கை ஒட்டி இருந்தால் 230 கே.வி.; இருபதைத் தாண்டினால் 400 கே.வி. சாலையோரம் வண்டியை நிறுத்தி எண்ணிப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

கிராஸ் ஆர்மில் தொங்கும் கம்பிகளுக்கு இந்தியாவில் விலங்குகளின் பெயர்கள்: பாந்தர், ஸீப்ரா, மூஸ். எஃகு நடுநரம்பைச் சுற்றி அலுமினிய இழை முறுக்கிய கம்பிகள் இவை. 400 கே.வி. லைனில் வழக்கமாகப் போடுவது மூஸ், குறுக்களவு 31.77 மில்லிமீட்டர், மீட்டருக்கு இரண்டு கிலோ எடை. இரண்டு டவருக்கு நடுவே 400 மீட்டர் என்றால் ஒரு கம்பி 800 கிலோ. இந்த எடை டவருக்குப் பெரிய பாரமில்லை. காற்றின் பக்கம் திரும்பிப் பாருங்கள். மூன்று சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டிய தடிமன், 400 மீட்டர் நீளம்: பெருக்கினால் பன்னிரண்டரைச் சதுர மீட்டருக்கு மேல். டபுள் சர்க்யூட் லைனில் ஃபேஸுக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு கம்பிகள். ஏறக்குறைய 150 சதுர மீட்டர் கப்பல் பாயை விரித்து ஒரு டவரின் கைகளில் கட்டிவிட்டதற்குச் சமம். நம் காற்றுத் தர நூல் சென்னைக்கு விதித்திருக்கும் அடிப்படை வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். டவர் டிசைனர் தூக்கம் கெடுவது இந்தக் கணக்கில்தான்.

லைன் திரும்பும் இடம் இன்னும் பொல்லாதது. நேராகப் போகும் டவரில் இரு பக்கக் கம்பிகளும் எதிரெதிரே இழுத்துச் சமன் செய்துகொள்ளும். பாதை 60 டிகிரி திரும்பினால், ஒரு பக்கத்துக் கம்பி முழு வலுவோடு இழுப்பதற்குச் சமமான இழுப்பு இரவும் பகலும் வளைவின் உட்பக்கமாக டவர்மேல் இருந்துகொண்டே இருக்கும். அதனால் இந்தியத் தர நூல் ஐ.எஸ். 802 வழியில் டவர்களை ஏ, பி, சி, டி என்று பிரிக்கிறார்கள். 2 டிகிரி வரை திரும்பினால் ஏ, 15 வரை பி, 30 வரை சி, 60 வரை டி. ஒரே லைனில் திடீரென்று கால் தடித்த, கை பருத்த ஒரு டவர் நின்றால், அங்கே பாதை எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள்.

எஃகு அறுந்து ஒரு டவர் விழுவது அபூர்வம். விழுவது பெரும்பாலும் கால் மடங்கி. நீளமான ஆங்கிளை இரு முனையிலும் அழுத்தினால், உலோகத்தின் முழு வலுவையும் எட்டுவதற்கு முன்பே நடுவில் வளைந்து ஒடிந்துகொள்ளும். நீளம் குறைந்தால் தாங்கும் திறன் கூடும். இதற்காகத்தான் பெரிய கால்களுக்கு நடுவே சின்னச் சின்ன ஆங்கிள்களைக் குறுக்கே பூட்டுகிறார்கள். கணக்குப்படி அவற்றுக்குச் சுமையே கிடையாது. ஆங்கிலக் கலைச்சொல்லில் அவை ரிடண்டன்ட், உபரி உறுப்புகள். ஆனால் அவை கால்களை இடைஇடையே பிடித்து, நீண்ட காலைப் பல குட்டைக் கால்களாக்குகின்றன. பழைய இரும்புக்குப் போடலாம் என்று யாரோ இரண்டைக் கழற்றிக்கொண்டு போனால் அன்றைக்கு எதுவும் நடக்காது. அடுத்த புயலில் அந்த டவர்தான் முதலில் மடங்கும்.

ஒரு டவரின் அடியில் நின்று பாருங்கள். கீழ்ப்பகுதி போல்ட்டுகளில் பல, ஸ்பேனர் பிடிக்க முடியாதபடி அறுகோணத் தலை உடைந்து விழுந்து வழவழப்பாக இருக்கும். அவை திருட்டுத் தடுப்பு போல்ட்டுகள், இறுக்கி முடித்ததும் தலை தானாக முறிந்துகொள்ளும். ஒரு காலில் மட்டும் ஆள் ஏறுவதற்கு மாறி மாறி நீட்டிய போல்ட்டுகள். ஆள் உயரத்துக்கு மேலே முள்கம்பி வளையம். மண்டையோடு போட்ட அபாயப் பலகை, டவர் எண், சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஃபேஸ் தகடுகள். காலுக்குக் கீழே ஸ்டப் எனப்படும் ஆங்கிள் கான்கிரீட்டுக்குள் சாய்வாகப் புதைந்திருக்கும். காற்றடிக்கும் பக்கத்துக் காலை மண் மேலே விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு டவர் விழுந்தால் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு விழும் என்பதை உலகத்துக்குக் கொடூரமாகக் காட்டியது 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் வந்த பனிமழை. கம்பிகளில் பனி உறைந்து தடித்து, ஏறக்குறைய ஆயிரம் எஃகு டவர்கள் வரிசையாகச் சரிந்தன. அதன்பின் அங்கே சரிவைத் தடுத்து நிறுத்தும் வலுவான டவர்களை இடையிடையே நட்டார்கள். நம் ஊரில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு செக்ஷன் டவர் நிற்பதும் அதே காரணத்துக்காகத்தான். கணக்கை மட்டும் நம்பாமல், முழு உயர மாதிரியை நிறுத்தி, விஞ்சுகளால் நாலா பக்கமும் இழுத்துப் பார்க்கும் நிலையங்கள் இருக்கின்றன. சென்னையில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தின் டவர் சோதனை நிலையம் அவற்றில் ஒன்று. தாங்க வேண்டிய சுமை முழுதையும் ஏற்றி, தாங்குகிறது என்று கண்டபின், சில டவர்களை முறியும் வரை இழுப்பார்கள். எந்த ஆங்கிள், எந்த போல்ட் முதலில் விட்டுக்கொடுக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அழகு பற்றிய கேள்வி பிரிட்டனில் எழுந்தது. 1926-ல் நாடு முழுவதற்கும் ஒரே மின்தொகுப்பு என்று சட்டம் போட்டு, 132 கே.வி. டவர்களை நடத் தொடங்கினார்கள். அமெரிக்க மில்லிக்கன் பிரதர்ஸ் கொடுத்த வடிவத்தை ரெஜினால்ட் பிளம்ஃபீல்ட் என்ற கட்டடக் கலைஞர் பார்த்துத் தேர்ந்தார். முதல் டவர் 1928-ல் எடின்பரோ அருகே நின்றது. 1933-க்குள் 26,000 டவர்கள். நிலக்காட்சி கெட்டது என்று பத்திரிகைகளில் கடிதங்கள் பறந்தன. பின்னாளில் 2011-ல் அங்கே புதிய வடிவத்துக்குப் போட்டி வைத்து, ஒற்றைத் தூணில் ஆங்கில T எழுத்துப்போல் நிற்கும் கோபுரத்தைத் தேர்ந்தார்கள். உயரம் 35 மீட்டர். பழையதை விட மூன்றில் ஒரு பங்கு குட்டை.

நம்மிடம் கேள்வி வேறு இடத்திலிருந்து வந்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கே.வி. நேர்திசை மின்பாதை வந்தபோது, கொங்குப் பகுதி விவசாயிகள் தோட்டத்துக்குள் டவர் வேண்டாம், கேபிளைப் புதைத்துக் கொண்டுபோங்கள் என்று போராடினார்கள். அவர்கள் இழப்பது நாலு காலுக்கான இடம் மட்டுமில்லை. கம்பிக்குக் கீழே தென்னை நிற்க முடியாது. நிலத்தின் விலை விழும். மத்திய மின்துறை 2015-ல் கால் பதியும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் இழப்பீடு என்றது. 2024-ல் அதை 200 சதவீதமாகவும் கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதமாகவும் உயர்த்தியது. இந்த உயர்வு நியாயம், தாமதமாக வந்த நியாயம்.

நிலத்தின் விலை டவரின் உருவத்தையே தொடும் விஷயம். உச்சியில் தள்ளும் காற்றைக் கால்கள் எதிர்க்கும் விசை, கால்களின் இடைவெளியைப் பொறுத்தது. அடி அகலத்தைப் பாதியாக்கினால் ஒவ்வொரு காலிலும் விசை இரட்டிப்பாகும். எஃகும் கான்கிரீட்டும் அதற்கேற்பக் கூடும். இவ்வளவு காலமும் எஃகு விலையுள்ளது, மண் மலிவு என்ற கணக்கில் கால்களை அகட்டி வைத்தோம். நகரங்களில் மோனோபோல் எனப்படும் ஒற்றைக் குழாய்த் தூண்களும் குறுகிய அடி டவர்களும் வரத் தொடங்கியது, அங்கே மண்ணின் விலையை யாராலும் மறைக்க முடியாததால். தோட்டத்துக்கும் அதே கணக்குப் போட வேண்டும் என்பது என் கட்சி. டவரின் அடி அகலத்தை முடிவு செய்யும் மேஜையில், டன்னுக்கு எஃகு என்ன விலை என்ற வரிக்குக் கீழே, அந்த ஊரில் தென்னந்தோப்பு ஏக்கருக்கு என்ன விலை என்ற வரியும் இருக்கட்டும்.