தரங்கம்பாடியில் ஒரு மாணவன்

தமிழிலக்கிய வரலாற்று நூல்களில் பர்த்தலோமேயு சீகன்பால்குக்கு வழக்கமாக ஒரு பத்தி ஒதுக்கப்படும். டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்ட செருமானியர், 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார், அச்சுக்கூடம் நிறுவினார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார், 1719இல் மறைந்தார். தேர்வுக்கு இவ்வளவு போதும் என்று மாணவர்க்குச் சொல்லிவிட்டு நாமும் அடுத்த பெயருக்குச் சென்றுவிடுகிறோம். அந்த ஆண்டுகளில் அவருடைய நாள் எப்படி விடிந்தது, யாரோடு கழிந்தது, எப்படி முடிந்தது என்று கேட்பதில்லை.

கேட்டால் விடை கிடைக்கும். தம் நாளை மணிவாரியாகப் பகுத்து அவர் ஊருக்கு எழுதிய கடிதச் செய்திகள் எஞ்சியுள்ளன. அவற்றில் தெரிகின்ற மனிதர், மேடைகளில் நாம் போற்றும் 'தமிழ்த்தொண்டர்' அல்லர். மதமாற்றத்தை மட்டுமே கண்டு ஏசுவோர் வரைந்து காட்டும் உருவமும் அல்லர். போதிக்க வந்து, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைப் பாடங்கேட்பதில் செலவிட்ட ஓர் இளைஞர் அவர். அவருக்குப் பாடம் சொன்னவர்கள் யாவர் என்பதே இக்கட்டுரையில் நம்மை உறுத்தும் கேள்வி.

சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682இல் பிறந்தவர் சீகன்பால்க். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தவர். நலிந்த உடல், அதனால் ஹாலே நகரில் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயிடம் தொடங்கிய கல்வியும் இடையிடையே தடைப்பட்டது. அக்காலத்தில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக், தம் நாட்டவர் வணிகம் செய்துவந்த கீழ்த்திசைக் குடியேற்றத்துக்கு மறைப்பணியாளரை அனுப்ப விரும்பினார். அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் சீகன்பால்கும் அவரினும் சற்று மூத்தவரான ஹென்ரிக் புளூட்சௌவும். இருவரும் டேனியர் அல்லர், செருமானியர். 1705 நவம்பர் இறுதியில் 'சோபியா ஹெட்விக்' என்னும் கப்பலில் கோபன்ஹேகனைவிட்டுப் புறப்பட்டனர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினர். சீகன்பால்க் அப்பொழுது 24 வயதை எட்டும் தறுவாயில் இருந்தார்.

தரங்கம்பாடி அன்று டேனியர்க்குப் புதிய ஊரன்று. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அவர்கள் அங்குக் கோட்டை கட்டி வாழத் தொடங்கி 86 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கோட்டையின் தலைவர் ஹாசியஸ், வந்தவர்களை வரவேற்கவில்லை. மதப்பணி வணிகத்துக்கு இடையூறாகும் என்று கம்பெனியார் அஞ்சினர். காலையில் கரையேறிய இளைஞர் இருவரும் பிற்பகல்வரை காக்கவைக்கப்பட்டனர்; பின்னர்த் தங்குமிடம் ஏதும் காட்டப்படாமல் தெருவில் விடப்பட்டனர். ஏழு மாதம் கடலில் மிதந்து வந்தவர்களுக்குக் கிடைத்த முதல்நாள் அனுபவம் இது. மன்னருடைய ஆணை கையில் இருந்தது. மன்னரோ ஏழு மாதத் தொலைவில் இருந்தார். ஓர் ஐயத்தை எழுதிக் கேட்டு விடை பெற ஓராண்டுக்கு மேலாகும் வாழ்க்கையில், ஒவ்வொரு நாளையும் அவர்களே தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் தேவை மொழி. அக்காலத்துத் துறைமுகங்களில் ஐரோப்பியரும் உள்ளூராரும் கலந்து பேசியது ஒருவகைக் கொச்சைப் போர்த்துகீசியம். இருவரும் முதலில் அதைக் கற்றனர். பின்னர்ப் புளூட்சௌ போர்த்துகீசியத்தை ஏற்க, சீகன்பால்க் தமிழை ஏற்றார். அச்சிட்ட இலக்கணமோ அகராதியோ கையில் இல்லை. ஆகவே திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை, அவருடைய மாணவர்களோடு, தம் வீட்டிலேயே வந்து பள்ளி நடத்துமாறு வேண்டிக்கொண்டார். சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் படித்த இளைஞர், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அகர முதல எழுதுவதை நினைத்துப் பார்க்கிறோம். அந்த முதிய ஆசிரியர்க்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. எழுத்து வந்தது, பொருள் விளங்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்தவர் அழகப்பன். கம்பெனியில் முன்பு துபாஷியாக இருந்தவர். போர்த்துகீசியம், டேனியம், டச்சு, செருமன் ஆகிய மொழிகளில் பழக்கமுள்ளவர்.

இனி அந்த நாளைப் பார்ப்போம். வந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் அது ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது. அதிகாலை வேண்டுதல், மறைக்கல்வி. 7 மணிமுதல் 8 வரை, முன்பு கற்றுக் குறித்துவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் இருத்துதல். 8 மணிமுதல் நண்பகல்வரை, அதுகாறும் படித்திராத தமிழ்ச் சுவடிகளை மட்டும் படித்தல். இந்த நான்கு மணி நேரமும் அவருக்குப் பக்கத்தில் இருவர் இருப்பார்கள். ஒருவர் முதிய புலவர், மற்றவர் எழுத்தர். செய்யுளில் பொருள் விளங்காத இடத்தில் புலவர் அதைப் பேச்சுத் தமிழில் சொல்லி விளக்குவார். புதிய சொல் வந்ததும் எழுத்தர் குறித்துக்கொள்வார். உண்ணும்போதும் யாரேனும் ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். பிற்பகல் 3 மணிமுதல் 5 வரை மீண்டும் சுவடி. இரவு 7 மணிக்கு விளக்கொளியில் கண் நோகும் என்பதால், மற்றொருவர் படிக்க, இவர் கேட்பார். யாருடைய நடையைத் தம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்றலாமோ அவருடைய நூலையே அந்நேரத்துக்குத் தெரிந்துகொள்வார். நடை பயில நல்லாசிரியரைச் செவிவழி கேட்க வேண்டும் என்பது நம் பழைய பாடமுறை. இவர் அதை இங்குதான் கற்றிருக்க வேண்டும்.

இந்த உழைப்பின் பயனாக ஏறத்தாழ 20,000 சொற்கள் கொண்ட பேச்சுவழக்கு அகராதி ஒன்று உருவாயிற்று. செய்யுட் சொற்களுக்குத் தனி அகராதியும் தொகுக்கப்பட்டது. சுவடிகள் எங்கிருந்து வந்தன? தம் எழுத்தர்களைப் பல நாள் நடைத்தொலைவிலுள்ள ஊர்களுக்கெல்லாம் அனுப்பினார். மறைந்த பார்ப்பனர்களின் கைம்பெண்களிடமிருந்து பல சுவடிகள் குறைந்த விலைக்குக் கிடைத்ததாக அவரே எழுதுகிறார். 1708இல் அவர் தொகுத்த நூற்பட்டியலில் 119 தமிழ் நூல்கள் சிறு குறிப்புகளோடு இடம்பெற்றுள்ளன. உ.வே.சாமிநாதையர் பிறப்பதற்கு 147 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. வறுமையில் விற்ற அந்தக் கைம்பெண்களின் நிலையையும், வாங்கியவருடைய ஆர்வத்தையும் சேர்த்தே நாம் எண்ண வேண்டும். ஏடுகள் நம் கையைவிட்டுப் போனதும், அவற்றின் பெயர்கள் நமக்கு எஞ்சியதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள்.

அதே 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமானியத்தில் பெயர்த்தார். இம்மக்கள் நாகரிகமற்றவர்கள், இவர்கள் மொழிக்கு ஒழுங்கில்லை என்று தாமும் தொடக்கத்தில் நினைத்ததாகவும், நூல்களைப் படித்தபின் அந்த எண்ணம் தவறென்று உணர்ந்ததாகவும் தம் நாட்டவர்க்கு எழுதினார். இதை வைத்து அவர் தம் நோக்கத்தைக் கைவிட்டார் என்று நாம் கொள்ளக் கூடாது. திருக்குறளையும் சிவவாக்கியத்தையும் வியந்து படித்தவர்தாம், இம்மக்களுடைய தெய்வங்கள் பொய் என்பதில் இறுதிவரை உறுதியாக இருந்தார். வியப்பும் மறுப்பும் ஒரே மேசையில், ஒரே பகற்பொழுதில் நிகழ்ந்தன. அவருக்கு அதில் முரண் தெரியவில்லை. பக்கத்தில் அமர்ந்து செய்யுளுக்குப் பொருள் சொன்ன புலவர்க்கு அது தெரிந்திருக்குமா என்பதுதான் நம் மனத்தை விட்டு அகலாத வினா. தம் நெறியை மறுப்பதற்குப் பயன்படப் போகும் மொழியைத் தாமே கற்றுக்கொடுக்கிறோம் என்று அவர் அறிந்திருப்பாரா? அறிந்தும் கற்பித்தாரா? பொருள் வேண்டிய ஏழ்மையா, கற்க வந்தவரை விலக்காத ஆசிரிய மரபா?

இந்தக் கல்விக்கான விலையை மாணவர் மட்டும் கொடுக்கவில்லை. பள்ளியாசிரியரின் மகன் கணபதி வாத்தியார் 1709இல் திருமுழுக்குப் பெற்றபோது உற்றார் உறவினர் கொதித்தெழுந்தனர். முதியவர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. அழகப்பனும் மறைப்பணியாளரோடு கொண்ட தொடர்பால் அலைக்கழிக்கப்பட்டார். ஊரைவிட்டு வெளியேறவும் நேர்ந்தது.

சீகன்பால்கும் துன்பப்படாமல் இல்லை. முதன்முதலில், 1707 மே 12ஆம் நாள், அவர்களிடம் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் டேனியர் வீட்டு அடிமைகள். அடுத்த ஆகஸ்டில் சிறு ஆலயம் ஒன்று எழுந்தது. எளியவர் பக்கம் நிற்கும் வழக்கம் கோட்டைத் தலைவரோடு மோதலில் முடிந்தது. கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் தலையிட்டதை முன்னிட்டு, 1708 நவம்பரில் சீகன்பால்க் சிறைவைக்கப்பட்டார். நான்கு மாதம். அடைத்தவர்கள் பகைவர் அல்லர்; அவருடைய மன்னர்க்கே கீழ்ப்பட்ட கிறித்தவர்கள். அன்றாடம் பத்து மணி நேரம் ஏட்டோடு வாழ்ந்தவர்க்குத் தாளும் மையும் மறுக்கப்பட்டன. சிறைபுகும் முன்பு, அக்டோபர் 17இல் தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு அப்படியே நின்றது. அதை 1711 மார்ச் 31இல்தான் முடிக்க முடிந்தது. இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தபின், 1714, 1715ஆம் ஆண்டுகளில் நூல் அச்சாயிற்று. இதற்கு 136 ஆண்டுகள் முன்னரே, 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சாகிவிட்டது. எனவே 'முதல் தமிழ் அச்சு' என்று இவரைப் புகழ்வது பொருந்தாது.

தொலைவு இரு முனைகளிலும் வேலை செய்தது. தமிழரோடு பழகிக் கண்டவற்றைத் தொகுத்து 1711இல் ஒரு நூலும், தமிழ்நாட்டுத் தெய்வங்களின் வரிசைமுறையை விளக்கி 1713இல் ஒரு நூலும் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதன் செய்திகளை இங்கே பரப்ப வேண்டியதில்லை என்னும் போக்கில் ஹாலேயில் அவை ஒதுக்கிவைக்கப்பட்டன. தெய்வங்களைப் பற்றிய நூல் 1867இல் சென்னையில் வெளிவந்தது. மற்றது 1926இல் ஆம்ஸ்டர்டாமில். தரங்கம்பாடியில் அயலார் என்று ஐயுறப்பட்டவர், சொந்த ஊராருக்கும் மெல்ல அயலார் ஆகிவிட்டிருந்தார்.

1714இல் அவர் ஐரோப்பா சென்றபோது, மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரை உடன் அழைத்துச் சென்றார். கப்பலிலும் தமிழ்ப் பணி நிற்கக் கூடாதல்லவா. இப்பொழுது வீட்டைவிட்டு நெடுந்தொலைவில், பனியில், புரியாத மொழியினரிடையே நின்றவர் அந்தத் தமிழர். இலத்தீன் வழியே தமிழ் கற்பிக்கும் சீகன்பால்கின் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. அவர் அவ்வாண்டே மனைவியோடு தரங்கம்பாடி திரும்பினார். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. நலிந்த உடல் அதற்குமேல் தாங்கவில்லை. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், 36ஆம் வயதில் மறைந்து, அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத்தின் வரலாற்றோடு நின்றிருந்தது.

அவரும் உடன்பணியாளர் கிரூண்ட்லரும் தமிழரிடம் வினாக்கள் விடுத்துப் பெற்ற 99 விடைக் கடிதங்கள் செருமானியத்தில் வெளிவந்துள்ளன. கிறித்தவர் வேதம் நல்லதாயிருக்கலாம், இங்குள்ள கிறித்தவர் ஒழுக்கம் அப்படி இல்லையே என்பது அவற்றில் ஒலிக்கும் குறைகளில் ஒன்று. எழுதியவர் பெயர்கள் அச்சில் இல்லை. பெரும்பகுதியை எழுதியவர் அழகப்பனே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

தரங்கம்பாடியில் இன்று சீகன்பால்குக்குச் சிலை உண்டு. அது அவருக்குத் தகும். அவருடைய நாளை மணிவாரியாகப் படித்தபின் நமக்குத் தோன்றுவது ஒன்றே. காலை 8 மணிமுதல் நண்பகல்வரை அந்த அறையில் மூவர் இருந்தார்கள். எழுதப்படும் வரலாற்றில் ஒருவருக்குத்தான் பெயர் இருக்கிறது. அடுத்த ஆண்டு வகுப்பில் அந்த ஒரு பத்தியைச் சொல்லும்போது, 'பக்கத்தில் ஒரு புலவரும் ஓர் எழுத்தரும் இருந்தனர்' என்னும் ஒரு வரியையேனும் சேர்த்துச் சொல்வோம்.